எனக்குக் கிடைத்த ஜோடி

எழுபதுகளின் தொடக்கத்தில், கடல் தாண்டி வந்து பியர்பொன்ட்ஸில் நாங்கள் குடியிருந்த தெருவில் கதவைத் தட்டுகிறவர்கள் மிகக் குறைவு. ஒருவர் பால்காரர். இன்னொருவர், எப்போதாவது, வீட்டு எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டு வந்தவர். இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்க அம்மா தயாராகத்தான் இருந்தாள், அவர்கள்தான் நிற்கவில்லை. அப்பா விடிவதற்கு முன்பே காரை எடுத்துக்கொண்டு டோர்வல் பக்கம் வேலைக்குப் போய்விடுவார். நானும் பள்ளிக்கூடம் போன பிறகு, சாயங்காலம் நான்கு மணிவரை அந்த வீட்டில் அம்மாவும் ஹீட்டர் சத்தமும்தான்.

அதனால் டோரத்தி வந்து கதவைத் தட்டிய அன்று அம்மா அவரை லேசில் விடவில்லை. டோரத்தி ஓங்குதாங்கான பெண்மணி, ஆண்பிள்ளைக் கை, தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி. சனிக்கிழமைதோறும் சர்ச்சின் அடித்தளத்தில் சிறுவர் கிளப் நடத்தப் போவதாகவும், பிள்ளைகள் தங்கள் கையாலேயே சாமான்கள் செய்து கற்றுக்கொள்வார்கள் என்றும் சொன்னார். பத்துப் பேராவது சேர்ந்தால்தான் இடம் கொடுப்பார்களாம். ஒன்பது பேரைப் பிடித்துவிட்டிருந்தார். இரண்டு டம்ளர் காபியும் ஒரு தட்டு முறுக்கும் முடிந்தபோது என் பெயர் பத்தாவதாக ஏறிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

“தச்சு வேலை கத்துக்கவா நாம இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார் அப்பா. ஆனால் டோரத்தி விட்டுப்போன தாளில் ‘தலைமைப் பண்பு வளரும்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டதும் அப்பா அடங்கிவிட்டார். அந்த மாதிரி வார்த்தைகளுக்கு அவர் எப்போதுமே அடிமை.

எனக்குத் தலைமைப் பண்பு வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு சிநேகிதி வேண்டியிருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை, அடிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் எப்போதும் இரண்டு நாற்காலி காலியாக இருக்கும், அவ்வளவுதான். சண்டைக்காவது யாராவது வரமாட்டார்களா என்று இருக்கும்.

சனிக்கிழமையும் அப்பா காரோடு வேலைக்குப் போய்விடுவதால் சர்ச்சுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். சனிக்கிழமைகளில் பஸ் மணிக்கு ஒன்றுதான். என்னைக் கொண்டுவிட்டு அம்மா வீடு திரும்புவதற்குள் மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும் என்பதால், அவள் அங்கேயே சுவரோரம் ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். புடவைக்குள் கம்பளிக் கால்சட்டை, மேலே அப்பாவின் பழைய ஓவர்கோட், மடியில் இட்லி டப்பா. நான் அந்தப் பக்கம் திரும்பாமலே இருக்கப் பழகினேன்.

முதல் வேலை ஸ்லெட் செய்வது. பனியில் உட்கார்ந்து சறுக்குவதற்கான பலகை வண்டி. ஒரு ஸ்லெட்டுக்கு இரண்டு பேர். சேர்ந்து செய்கிறவர்கள் சேர்ந்தே பிப்ரவரிக் கடைசியில் குன்றின் மேலிருந்து சறுக்க வேண்டும் என்றார் டோரத்தி. ஜோடி சேருங்கள் என்று அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் ஐந்து ஜோடி சேர்ந்துவிட்டது. கடைசி நிமிஷத்தில் வேறொரு பையனும் வந்து சேர்ந்திருந்தான். ஆக மொத்தம் பதினோரு பேர். பதினோராவது ஆள் நான்.

டோரத்தி நல்லவர். நல்லவர்கள் செய்கிற காரியத்தை அவர் செய்தார். சுவரோரம் பார்த்து, “மேடம், நீங்கள் வாருங்களேன்” என்றார்.

சிநேகிதி தேடிப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த ஜோடி என் அம்மா. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நினைத்தேன். அம்மாவும் கூச்சப்பட்டாள். ஓவர்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “எது எதுன்னு சொல்லு, நான் பிடிச்சுக்கறேன், நீ செய்” என்றாள் மெதுவாக.

முதல் வாரம் அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வாரம் ரம்பம் அவள் கைக்குப் போய்விட்டது. நான் அறுத்தால் கோணிக்கொண்டு போகும். அவள் அறுத்தால் பென்சில் கோட்டின் மேலேயே போகும். அதற்கு முன்பு அம்மா தேங்காய் உடைத்ததைத் தவிர வேறு தச்சு வேலை எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். “இங்க இன்னும் சொரசொரங்குது” என்று மறுபடியும் தேய்ப்பாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் கோட்டுப் பையிலிருந்து மரச்சுருள் எட்டிப் பார்க்கும். வார நாட்களில் சாம்பாரைக் கிளறிக்கொண்டே, ஸ்லெட்டின் அடியில் பனியைத் தொடுகிற சறுக்குக் கட்டையின் முனையை இன்னும் கொஞ்சம் வளைவாகச் சீவலாமா என்று என்னைக் கேட்பாள். அவள் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

நான்காவது வாரம் நிக்கோல் வந்தாள். பிரெஞ்சு பேசுகிற பெண். அவளுக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்குப் பிரெஞ்சு பூஜ்யம். கடவுள் எனக்காகவே அனுப்பினார் என்று நினைத்தேன். டோரத்தி அவளை எங்கள் மேஜையில் விட்டார். அம்மா உடனே தன் நாற்காலிக்குப் போக எழுந்தாள். நிக்கோல் அவள் கையில் உப்புத்தாளைத் திருப்பிக் கொடுத்து, பலகையைக் காட்டி, எப்படி என்று சைகையால் கேட்டாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’. அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒருத்தி ஆணியைப் பிடிப்பாள், மற்றவள் அடிப்பாள். இட்லியைக்கூட நிக்கோல் சர்க்கரை தொட்டுக்கொண்டு தின்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் ஸ்லெட், என் கிளப், எனக்கு வந்த சிநேகிதி. மூன்றையும் அம்மா எடுத்துக்கொண்டாள் என்று வயிறு எரிந்தது.

அந்த வியாழக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டு சொன்னேன்:

“இனிமே அம்மாக்கள் யாரும் உள்ள இருக்கக் கூடாதாம். பிள்ளைங்களே செய்யணுமாம்.”

“டோரத்தியா சொன்னாங்க?”

“ஆமா.”

அம்மா அடுப்பைச் சிறிதாக்கினாள். “நான் ரொம்பக் கை வெச்சுட்டேனோ?” என்று கேட்டாள். “சரி, அவங்க சொல்றதும் நியாயந்தான்” என்றாள். சனிக்கிழமை என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, என்னை எங்கே இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் இரண்டு முறை சொன்னாள்.

டோரத்தி கேட்டபோது, அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒரே இருமல் என்றேன். நிக்கோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இருமிக் காட்டினேன். அன்று முழுவதும் அவள் எனக்கு மட்டுமே ஜோடி. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் எதைப் பேசுவது, எதை எங்கே அடிப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. இடது சறுக்குக் கட்டையைக் கோணலாக வைத்து ஆணி அடித்தேன். பிடுங்கியதில் பலகை பிளந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிக்கோல் ஜன்னலோர மேஜைப் பெண்களிடம் போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள். மிச்சத்தை நான் தனியாகச் செய்தேன்.

குன்றில் சறுக்கிய நாளன்று நிக்கோலும் அந்த இரண்டு பெண்களுமாக ஒரே ஸ்லெட்டில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்துகொண்டு கத்திக்கொண்டே போனார்கள். என் பின்னால் உட்கார ஆள் இல்லை. என் ஸ்லெட் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு முறையும் ஒரே புதரில் முட்டியது. நான்கு முறை முட்டிவிட்டு, களைத்துப் போனவள் மாதிரி ஓரமாக நின்றுகொண்டேன். அழக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

டோரத்திதான் ஸ்லெட்டையும் என்னையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில், “நேற்று உன் அம்மாவிடம் போனில் பேசினேன், இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்” என்றார். நான் கார் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டேன். “முதலில் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, பாதி குறைந்திருக்கிறது, உங்கள் கிளப்பில் என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றார்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அம்மாவுக்குப் போனில் இங்கிலீஷ் சரியாகப் புரியாது; எதையோ கேட்டு எதையோ சொல்லியிருக்கிறாள், தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கதவைத் திறந்தாள். கழுத்தில் அப்பாவின் மஃப்ளர் சுற்றியிருந்தது. டோரத்தியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு முறை இருமினாள். உள்ளே வந்தால் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, ஸ்லெட்டை வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். டோரத்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கார் தெருக்கோடியில் திரும்பும்வரை கதவைச் சாத்தவில்லை.

பிறகு மஃப்ளரைக் கழற்றி மடித்து வைத்தாள். ஸ்லெட்டைத் திருப்பி, பிளந்திருந்த பலகையை ஒரு முறை தடவினாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“யாரோட உக்காந்து சறுக்கினே?”

“நிக்கோலோட.”

“நல்லது” என்றாள். “கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”

சாப்பிடும்போதும் சரி, அதற்குப் பிறகும் சரி, அம்மா இருமவே இல்லை. அந்த இருமல் எப்படி அவ்வளவு சீக்கிரம் விட்டது என்று நான் கொஞ்ச நேரம் ஆச்சரியப்பட்டேன். பிறகு தூங்கிவிட்டேன்.