பஞ்சராகாத டயரில் காத்தோங்வரை

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, விடிவதற்கு முன்பே, சிங்கப்பூரின் மேற்கே உள்ள சுவா சூ காங்கிலிருந்து சைக்கிளில் கிளம்பினோம். திருச்சியில் என்னோடு படித்து, திருமணமாகி சிங்கப்பூர் வந்த ஸ்டெல்லா, அவள் கணவர் சேவியர், அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த நான். கிழக்கே உள்ள காத்தோங் முப்பது கிலோமீட்டருக்கு மேல்.

மூன்று சைக்கிள்களுக்கும் பஞ்சராகாமலிருக்க சேவியர் மூன்று விதமான காப்பு வைத்திருந்தார். எனக்குக் கொடுத்ததில், டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் திரவம். அவருடையதில், டயருக்கும் டியூபுக்கும் நடுவே தடித்த பிளாஸ்டிக் பட்டை. ஸ்டெல்லாவுக்குக் காற்றே இல்லாத கெட்டி ரப்பர் டயர்.

“இவ சைக்கிள்ல பஞ்சர்ங்கற பேச்சே இல்ல லா,” என்றார் சிங்கப்பூர் பாணியில்.

ஸ்டெல்லா மருத்துவமனைத் தாதி, சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். போன வருடம் கொட்டும் மழையில் டயர் இறங்கி, கைப்பேசியும் அணைந்து, ஒரு மேம்பாலத்தடியில் நின்றுவிட்டாள். அவளைத் தேடி அலைந்த சேவியர், மறுநாளே கெட்டி டயர் மாட்டினார்.

தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதையாக்கிய பழைய ரயில் பாதையில் என் முன்சக்கரம் உஸ்ஸென்றது. முள்ளைப் பிடுங்கியதும் வெள்ளைத் திரவம் கொப்பளித்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் ஓட்டை அடைபட்டுக் கசிவு நின்றது. கொஞ்சம் காற்றடித்துக்கொண்டு போனோம்.

எட்டரைக்கு லிட்டில் இந்தியா. பஃப்ளோ ரோட்டருகே ஒரு கடையில் தே தாரிக். ஸ்டெல்லா கிளாஸைத் தூக்கியபோது தேநீர் மேசையில் சிந்தியது. கிளாஸை வைத்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

“கை வலிக்குதா?” என்றார் சேவியர்.

“கெட்டி டயர்ல, குலுங்கறதெல்லாம் மணிக்கட்டுக்குத்தான் வருது. தினமும்.”

“ஏன் சொல்லல?”

“அன்னிக்கு மழையில உங்க முகத்தப் பார்த்தேன். எப்படிச் சொல்றது?”

சேவியர் எழுந்தார். தன் சைக்கிளை அவளிடம் கொடுத்து, அவளுடையதில் ஏறினார். கல்லாங் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்று கையை உதறிக்கொண்டார்.

காத்தோங்கில், சிலோன் ரோட்டுக் கோயில் கோபுரம் தெரியும் இடத்தில், ஸ்டெல்லா ஓட்டிய சைக்கிளின் டயர் இறங்கியது. பட்டை எட்டாத பக்கவாட்டில் கண்ணாடித் துண்டு குத்தியிருந்தது. சேவியர் ஓடிவந்தார்.

“நில்லுங்க, நானே பார்க்கறேன்,” என்றாள் ஸ்டெல்லா.

அவள் சக்கரத்தைக் கழற்றி மாற்று டியூபைப் போட்டாள். அவள் கேட்கும்வரை அவர் பம்போடு காத்து நின்றார்.

திருச்சியில் தெருவுக்குத் தெரு பஞ்சர் கடை இருப்பதால், பஞ்சரைத் தடுப்பது பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது கேட்டால், திரவம்தான் மேல் என்பேன். கூடவே அளவான காற்று, ஒரு மாற்று டியூப். கெட்டி டயர் இறங்காதுதான். அதன் விலையை ஓட்டுபவரின் கை கொடுக்கிறது.

நான் ஊர் திரும்பிய அன்று காலை, காற்றடித்த புது டயரில் ஸ்டெல்லா வேலைக்குப் போனாள். அவள் திருப்பத்தில் மறைந்த பிறகும் சேவியர் ஒன்பதாவது மாடியில், வீட்டு வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

“போன் போட்டு, பத்திரமா போறாளான்னு கேட்கவா?” என்றார் என்னிடம்.

நான் பதில் சொல்வதற்குள், “வேணாம், அவ ஓட்டட்டும்,” என்று சொல்லி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.