கேசியா ஒப்புக்கொள்ளாத எண்

பத்தாம் வகுப்பு வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவள், பாலிடெக்னிக்கில் ஆங்கிலத்தில் முதல் தடவையிலேயே தேறினாள். அறுபத்திரண்டு பேர் இருந்த மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். முதல் மதிப்பெண் அவளுடையது. புத்தூரில் பி.டெக் சேர்ந்தபோது, டீச்சர் வேலைக்குப் போகச் சொன்ன உறவினர் ஏழு பேர். யாரிடமும் வாதாடாமல் நான்கு வருடத்தை முடித்தாள். எங்கள் அப்பா நைனாவை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் நுழைவுத்தேர்வு எழுதி, எம்.டெக்குக்குத் திருப்பதியில் இடம் வாங்கினாள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். சித்தூர் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் லாரிகளின் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறேன். என் தங்கை கேசியாவைப் பற்றி எழுதும் இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் வேலை செய்வது ரேணிகுண்டா சாலையில், பதினொரு பேர் உள்ள சிறிய அலுவலகத்தில். ஓர் இயந்திரம் வெளியே எவ்வளவு சத்தம் போடும் என்பதை, அதைச் செய்வதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வார்கள். சுற்றியுள்ள காற்று முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, இயந்திரத்தின் மேற்பரப்பை மட்டும் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் மற்றவற்றை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்குப் போட்டால் போதும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் இரண்டு வருடம் போட்ட கணக்குகள் எல்லாம் மேலதிகாரி கோவர்த்தனன் கையெழுத்தோடுதான் வெளியே போயின. 2024 நவம்பரில் ஜெனரேட்டரை மூடிவைக்கும் ஒரு தகட்டுக் கூண்டின் அறிக்கை வந்தது. "இதுல கையெழுத்து நீயே போடும்மா" என்றார் அவர், நகரிப் பக்கத்துக்காரர். அட்டையில் அவள் பெயரை அச்சடித்தும் விட்டார்கள்.

மூன்று மீட்டர் நீளக் கூண்டு. கணக்கில் மூன்று சுருதிகளில் சத்தம் திடீரென ஏறியது: 192, 216, 251 ஹெர்ட்ஸ். இந்த முறையில் பொய் ஏற்றங்கள் வருவது உண்டு. கேட்கிற கேள்வி கூண்டுக்கு வெளியே உள்ள சத்தத்தைப் பற்றி. ஆனால் கூண்டுக்குள் அடைபட்ட காற்றுக்கு உரிய சில சுருதிகளில் கணக்கு தடுமாறி, எந்த எண்ணை வேண்டுமானாலும் கொடுக்கும். அதைப் பிடிக்க, கூண்டுக்குள் சில புள்ளிகளை வைத்து, அங்கே விடை பூஜ்யமாக வரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவார்கள். எனக்கு இது உடனே புரிந்தது. காலி மேடையில் பூஜ்யம் காட்டாத தராசில் நான் ஒரு லாரியையும் ஏற்றமாட்டேன்.

கேசியா ஐந்து புள்ளிகள் வைத்தாள். 192-ம் 251-ம் மறைந்தன. 216 நின்றது. அப்படியானால் அது நிஜமான சத்தம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். அதை அடக்கக் கூண்டு ஒவ்வொன்றிலும் நாற்பது கிலோ தகடு கூடுதலாக அடிக்க வேண்டும். மாதிரிக் கூண்டு 18-ஆம் தேதிதான் தயாராகும், அதற்குக் காத்திராமல் தகடு ஆர்டரைப் போடக் கூண்டு செய்யும் கம்பெனி அவசரப்பட்டது.

பன்னிரண்டாம் தேதி காலை அறிக்கையை மேசையில் வைத்து, பேனாவையும் வைத்தார் கோவர்த்தனன். அங்கே நடந்த பேச்சைக் கேசியா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நான் போடல சார். துண்டுகளை நாலாயிரத்து அறுநூறுலேர்ந்து ஒரு அம்பது கூட்டினேன். 216-ல ஏத்தம் ஒம்போது டெசிபல் இருந்தது பதினேழாச்சு. இன்னும் அம்பது கூட்டினா நாலு."

"மத்ததெல்லாம்?"

"மத்தது எதுவும் அசையல. நிஜ சத்தம்னா இதுவும் அசையக்கூடாது."

"ரெண்டு போச்சு, ஒண்ணு நிக்குது, நிக்கறது நிஜம்னு நீதானே சொன்ன? கம்பெனிக்காரன் தினம் போன் பண்ணிக்கினு கீறான். கையெழுத்துன்னதும் பயமா?"

"பயந்திருந்தா போட்டுட்டுப் போயிருப்பேன் சார். தப்புன்னா என்னுதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் குடுங்க."

"செவ்வாய்க்கிழமையும் இதையே சொன்னா, பழையபடி நான் போடுவேன். அட்டையில உன் பேரு இருக்காது."

"சரி சார்."

சனிக்கிழமை சித்தூர் வந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து, அந்தக் கூண்டுக்குள் அடைபட்ட காற்றின் சுருதிகளைக் கையாலேயே கணக்கிட்டாள். இரண்டாவதாக 216 வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்தாள்.

"அண்ணா, இந்த முனையப் புடி. நான் ஆட்றேன், நீ நடுவுல பாரு."

வேகம் கூட்டியதும் கயிறு இரண்டு வளைவாகப் பிரிந்து ஆடியது. சரிபாதியில் மட்டும் அசையாமல் நின்றது.

"நடுவுல ஒண்ணுமே ஆடலையே" என்றேன்.

"அதான். 216-ல உள்ள இருக்கிற காத்து இப்டித்தான் ரெண்டா ஆடும். நான் அஞ்சு புள்ளியையும் எங்க வச்சேன் தெரியுமா? நீளத்துல சரிபாதியில. அங்க எப்பவுமே பூஜ்யம். அத்தப் போய் பூஜ்யமா இருன்னு மிரட்டிக்கினு இருந்தேன்."

"நடுவுல ஏன் வச்ச?"

"கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்ட வாசல்ல டேப் புடிச்சு நடுவ அளக்கற வீட்ல பொறந்துட்டு, வேற எங்க வைப்பேன்?"

டேப் பிடிப்பவன் நான்தான். கயிற்றை மறுபடி கட்டப் போனேன்.

பதினெட்டாம் தேதி ஐந்து புள்ளிகளையும் நடுவிலிருந்து விலக்கி, ஒழுங்கில்லாமல் சிதறவிட்டாள். 216-ன் ஏற்றம் போயிற்று. துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள், எண்கள் நகரவில்லை. மதியம் கம்பெனி முற்றத்தில் மாதிரிக் கூண்டை ஓட்டி, மைக் வைத்து அளந்தார்கள். 216-ல் பக்கத்துச் சுருதிகளைவிட ஒரு டெசிபல்கூடக் கூடுதல் இல்லை. தகடு ஆர்டரைக் கைவிட்டார்கள்.

கோவர்த்தனன் புது அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தார். புள்ளிகளை முதலில் தவறான இடத்தில் வைத்ததைக் கேசியா நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"இது வேணுமாம்மா? சரியாயிடுச்சே. உன் பேர்ல போற மொத அறிக்கை."

"என் பேர்ல போறதாலதான் சார்."

அவர் அந்தப் பக்கத்தை நீக்கவில்லை. பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். கேசியா முழுப்பெயரையும் எழுதி, கீழே தேதியும் இட்டாள்: 19 நவம்பர் 2024.