சீவரத்தினம் எழுதிக் கொடுத்த பட்டியல்

சண்டிலிப்பாய்ப் பக்கத்து விசுக்கோத்துத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வரவு இடாப்பு எழுதியவர் சீவரத்தினம். ஆடி அமாவாசையன்று, தகப்பன் இல்லாதவர்கள் கீரிமலையில் முழுகிவிட்டு எட்டரைக்கு ஈரத்தலையோடு ஓடி வருவார்கள். இடாப்பில் ஏழு மணி என்றுதான் விழும். கள்ள வேலை என்று யாராவது சொன்னால் மனுசன் கொதித்துப் போவார்.

"அப்பனுக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சிட்டு வாறவன்ரை சம்பளத்தை வெட்டுறதோ? பிறகு நான் என்ன மனிசன்?"

எண்பத்து நாலில் கொழும்பிலிருந்து ஒரு மெசின் வந்தது. அட்டையைச் செருகினால் நேரத்தைக் குத்தும். ஒரு நிமிடம் பிந்தினாலும் சிவப்பு மை; சிவப்புக் கூடினால் வேலை போய்விடும். முகாமையாளர் இராசநாயகம், சீவரத்தினத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கிலிருந்து படித்தவர். அவர் வந்து தோளில் கை போட்டார்.

"மச்சான், ஆற்றை வீட்டில என்ன கஷ்டம் எண்டு மெசினுக்குத் தெரியுமே? ஆர் பிந்தி வருகினம், ஏன் எண்டு ஒண்டும் விடாமல் எழுதித் தா. அவையளுக்குச் சிவப்பு விழாமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

நம்பினார், பாவி மனுசன்! பதினொரு பேரை எழுதினார். விசுக்கோத்து வேகும் போறணையில் நிற்கும் அருளம்பலத்தின் பெயரில் மட்டும் பேனை தயங்கியது. அவன் மனைவிக்கு விடியற்காலையில் வலிப்பு வரும். அவள் தெளிந்த பிறகுதான் அவன் சைக்கிளை எடுப்பான். வெளியே தெரிந்தால் தன் இரண்டு குமருகளுக்கும் சம்பந்தம் பேச ஒருவரும் வரமாட்டார்கள் என்று, சீவரத்தினத்தின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். அவன் வேலை தப்ப வேண்டுமே என்று அதையும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதத்தில் விசுக்கோத்தைப் பொதி செய்யவும் மெசின் வந்தது. பதினொரு பேரை நிறுத்தச் சொன்னது தலைமைக் கந்தோர். இராசநாயகம் தேடவா வேண்டும்? பட்டியல் கையிலேயே இருந்தது. பெயரும் காரணமுமாகத் தட்டச்சில் அடித்து வாசல் பலகையில் ஒட்டினார்.

சீவரத்தினம் அவருடைய அறைக்குள் பாய்ந்தார். "நீ என்னட்டை என்னடா சொன்னனி?"

"கத்தாதை. உன்ரை வேலையைக் காப்பாத்தி வைச்சிருக்கிறன் எல்லே?"

"என்ரை வேலையோ! அறுவானே, என்னைக் கொண்டே அவங்கடை கழுத்தை அறுப்பிச்சுப் போட்டியே!"

இராசநாயகம் தொலைபேசியை எடுத்து யாரோடோ கதைக்கத் தொடங்கினார்.

வாசலில் கூட்டம். பலகைக்கு முன்னால் நின்ற அருளம்பலம் திரும்பிப் பார்த்தான்.

"வேலை போனாப் போகட்டும், அண்ணை. நான் உங்களிட்டை மட்டுந்தானே சொன்னனான்."

சீவரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கடதாசியைப் பிடித்தார். அருளம்பலம் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டான்.

"கிழிக்காதேங்கோ, அண்ணை. எல்லாரும் வாசிச்சுப் போட்டினம்."