அவர் மனைவியின் பழைய நம்பர்

போன வருஷம், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். அயனம்பாக்கத்துல எங்க ஃபிளாட்ல பசங்களுக்கு டியூஷன் எடுத்துட்டிருந்தேன். ஃபோன் அடிச்சது. நம்பரைப் பார்த்ததுமே எரிச்சல். அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கற ஒரு கம்பெனி. இந்த சிம் வாங்கினதுலேர்ந்து, அங்க யாரோ ஒருத்தர் லீவு போட்டா என்னைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுக்காரர் ஏன் வரலை'ம்பாங்க. என் வீட்டுக்காரர் பாட்டுக்கு பேங்க்ல உட்கார்ந்திருப்பார். ராங் நம்பர், மாத்துங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அட்டெண்டன்ஸ் பாக்கற டைம் ஆபீஸ்காரர் எச்.ஆரைக் கேளுங்கம்பார், எச்.ஆர்.ல கம்ப்யூட்டர் செக்‌ஷன்தான் மாத்தணும்பாங்க. கடைசியில எல்லாருமே 'சரி மேடம், மாத்திடறோம்'னு வெச்சிடுவாங்க.

அன்னிக்குப் பேசினவர் குரல்ல பதட்டம். 'உங்க வீட்டுக்காரர்' கை மெஷின்ல மாட்டிடுச்சாம். பூந்தமல்லி பக்கம் ஒரு ஆஸ்பத்திரி பேரைச் சொல்லி, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட உடனே வாங்கன்னார். நான் அவங்க வீட்டாள் இல்லைங்கன்னேன். "கம்ப்யூட்டர்ல இந்த நம்பர்தான் மேடம் இருக்கு"ன்னு வெச்சுட்டார். திருப்பி அடிச்சா யாரும் எடுக்கலை.

அதுக்கப்புறம் எனக்குப் பாடம் நடத்த ஓடலை. அந்த மனுஷன் அங்க கிடக்கார், வீட்ல யாருக்கும் தெரியாதேன்னே நினைப்பு. பசங்களை அனுப்பிட்டு ஆட்டோ பிடிச்சேன்.

ஆஸ்பத்திரியில அந்த மனுஷன் முழிச்சுட்டுதான் இருந்தார், கையில பெரிய கட்டு. கூட வந்த சூப்பர்வைசர் வாசல்ல நின்னு ஆபீஸுக்கு ஃபோன் போட்டுட்டிருந்தார். ஆபீஸ் எனக்குப் போட்டுட்டிருந்தது. நான் நேரா அடிபட்டவர்கிட்டயே போய், உங்க வீட்டு நம்பர் என்னன்னு கேட்டேன்.

"ஊட்டுக்குச் சொல்லியாச்சு, வந்துகினு கீறாங்கன்னாங்களேக்கா"ன்னு முழிச்சார். அப்புறம் மனப்பாடமா நம்பரைச் சொன்னார். சம்சாரம் நம்பரை மாத்தினப்பவே ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாராம்.

நான் ஃபோன் பண்ணதும் அந்தப் பொண்ணு பாரிவாக்கத்துலேர்ந்து அழுதுட்டே ஓடி வந்து கையெழுத்துப் போட்டா. கையைக் காப்பாத்திட்டாங்க, ஒரு விரலைத் தவிர. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க யாருக்கான்னு கேட்டா. உன் பழைய நம்பர் இப்ப என்கிட்ட இருக்கும்மான்னேன். வேற என்ன சொல்றது?

சில வாரம் கழிச்சு மறுபடி அதே கம்பெனி. புதுசா ஒரு பொண்ணு, "உங்க ஹஸ்பெண்ட் எப்ப டியூட்டிக்கு வருவார் மேடம்?"னு கேட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. ஆனா வைக்கலை. சரியான நம்பரைச் சொன்னேன். எச்.ஆர்.ல சொல்றேன்னா. வேணாம், உன் பேரென்னன்னு கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னா. இப்பவே நீயே எழுந்து போய், மாத்த வெச்சுட்டு எனக்குப் படிச்சுக் காட்டு, லைன்லயே இருக்கேன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்து படிச்சா. அதோட அந்த ஃபோன் நின்னுச்சு.

இப்பல்லாம் எங்கேயாவது, யாராவது 'மாத்திடறோம்'னா, யார் மாத்துவாங்கன்னு பேரைக் கேக்காம நான் ஃபோனை வைக்கறதில்லை.