நிழல் பக்கத்து ஜன்னல்கள்

கிறிஸ்டின் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அரை மணி நேரம் எதுவும் பேசவில்லை. செருப்பை வாசலில் விட்டார், பையிலிருந்து ஒரு டார்ச் லைட்டும் அளவு நாடாவும் எடுத்தார், எல்லா ஜன்னலையும் பார்த்துவிட்டுப் பின்னறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வைத்த தே ஓ, பால் சேர்க்காத தேநீர், ஆறிப்போனது. வேறொன்று போட்டுக் கொண்டுவந்தேன். அதுவும் ஆறியது.

அவரை வரவழைத்தது நான்தான். என் கணவர் ஸைஃபுல் ஈப்போவில் இருபத்து நாலு மணி நேரச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். மாலையில் போனால் விடிந்துதான் வருவார், பகல் முழுக்கத் தூங்குவார். இந்த வீட்டை நாங்கள் வாங்கியதே ஜன்னல்களுக்காக. ஊருக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற தாமான், வீட்டுக் குடியிருப்பு, இது. கல் ஏற்றிய லோரிகள் நாள் முழுக்கப் போகும். முன்பு இங்கே இருந்த சீன டாக்டர் அந்தச் சத்தம் தாங்காமல் பதினான்கு ஜன்னல்களுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார். வீடு பார்க்க வந்த அன்று ஸைஃபுல் பின்னறை ஜன்னலைச் சாத்தினார். லோரிச் சத்தம் அப்படியே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்க தூங்கலாம்" என்றார். மற்ற எதையும் அவர் பார்க்கவே இல்லை.

ஐந்து வருடம் நன்றாகத்தான் போனது. ஆறாவது வருடம் பின்னறை ஜன்னலின் கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு புகை படிந்தது. உள்ளே துடைத்தேன், போகவில்லை. ஏணி போட்டு வெளியே துடைத்தேன், அப்போதும் போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருந்தது அது. சில மாதங்களில் பக்கத்து ஜன்னல், பிறகு குளியலறையை ஒட்டிய சின்ன ஜன்னல் என்று மூன்றும் மங்கிவிட்டன. லோரிச் சத்தமும் மெல்ல உள்ளே வரத் தொடங்கியது. ஸைஃபுல் தூக்கமில்லாமல் எரிச்சலோடு எழுந்துகொள்ள ஆரம்பித்தார்.

ஜன்னல் கம்பெனிக்காரர் வந்து பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது, மூன்று போனால் மற்றதும் வரிசையாகப் போகும், பதினான்கையும் மாற்றிவிடுங்கள் என்றார். ஸைஃபுல் சரி என்று சொல்லி வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்துவிட்டார். நான் வேலை செய்யும் பள்ளி அலுவலகத்தில் இதைச் சொன்னபோது, உடன் வேலை செய்யும் இசபெல்லா தன் தேவாலயத்துக்கு வரும் ஒரு அக்காவைப் பற்றிச் சொன்னார். மாற்றுவதற்கு முன்னால் அவரை ஒரு தடவை கூப்பிடச் சொன்னார். அவர் எதையும் விற்பதில்லையாம்.

கிறிஸ்டின் அக்கா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அம்மா பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார், அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். தோட்டம் துண்டாகி வீட்டு நிலமாக மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. பத்தொன்பது வயதில் கண்ணாடித் தொழிற்சாலையில் சேர்ந்த அவர் இருபத்து மூன்று வருடம் ஒரே மேசையில் நின்றார். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய அலுமினியச் சட்டம் வைத்து, அந்தச் சட்டத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் சின்ன மணிகளை நிரப்பி, சுற்றிலும் பசை பூசி மூடுவது அங்கே வேலை. மூடிய பிறகு உள்ளே காற்றும் போகக் கூடாது, ஈரமும் போகக் கூடாது. பெரும்பாலானவை குளிர் நாடுகளுக்குப் போயின. போனதில் சில கெட்டுப்போய்த் திரும்பி வரும். அவற்றை அறுத்துப் பார்த்து ஏன் கெட்டது என்று எழுதித் தரும் வேலை கடைசி பத்து வருடம் அவருடையது. மழையில் கெட்டது, வெயிலில் கெட்டது, கப்பலில் அடிபட்டது, பசை சரியாகக் காயாதது என்று ஆயிரக்கணக்கான கண்ணாடிகளைத் தன் கையால் அறுத்திருக்கிறார். தொழிற்சாலை வேறு மாநிலத்துக்குப் போனபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. முதலில் தேவாலயத்துக்காரர்கள் கூப்பிட்டார்கள். பிறகு ஆயர் தாவார் ஊரிலிருந்து ஒரு கிளினிக், நெடுஞ்சாலை ஓரத்து வீடுகள் என்று ஒருவர் சொல்லி ஒருவராகக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒரு பழைய காஞ்சில் காரில் பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றுகிறார். போகிற வீடுகளில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வாராம்.

எங்கள் வீட்டில் அவர் முதலில் மேற்குப் பக்கத்து ஜன்னல்களைப் பார்த்தார். கண்ணாடியைப் புறங்கையால் தொட்டார். ஜன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை, கிழிந்தது. திரையை இழுத்து அறையை இருட்டாக்கி டார்ச்சைக் கண்ணாடியில் காட்டினார். என்னை அருகே கூப்பிட்டு எண்ணச் சொன்னார். நான்கு வெளிச்சப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒரு கண்ணாடிக்கு இரண்டு முகம், இரண்டு கண்ணாடிக்கு நான்கு. இத்தனை வருடம் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று தலை வாரியிருக்கிறேன். அதற்குள் நான்கு விளக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

பின்னறையில் அதே டார்ச்சைக் காட்டியபோது புள்ளிகள் வரிசையில் நிற்கவில்லை. சிதறி, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. அவர் டார்ச்சை அணைத்தார், மறுபடியும் போட்டார். பிறகு ஜன்னல் சட்டத்தை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். அடுத்த மூலையிலிருந்து மறுபடி அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குளியலறைப் பக்கத்துச் சின்ன ஜன்னலில் இரண்டு மில்லி வித்தியாசம். அடுத்ததில் ஐந்து. வீட்டின் பின்மூலையில் இருந்த பெரிய ஜன்னலில் பதினொன்று. அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்.

ஸைஃபுல் அன்று தூங்கவில்லை. கதவோரம் நின்று, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார். மற்ற பதினொரு ஜன்னலையும் இன்னும் பல வருடம் தொட வேண்டாம் என்றார் அக்கா. அப்படியென்றால் இந்த மூன்றை மட்டும் வெள்ளிக்கிழமை மாற்றிவிடலாம் என்றார் இவர்.

"இப்ப மாத்தாதீங்க தம்பி" என்றார் அக்கா. "கண்ணாடி வயசாகிப் போனா வெயில் படுற பக்கம்தான் முதல்ல போகும். உங்க வீட்டுல மேற்குப் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. நிழல்ல இருக்கிற மூணுதான் போயிருக்கு. மூணும் ஒரே மூலையில ஆரம்பிச்சிருக்கு. வயசு இப்படி செய்யாது. வீட்ட யாரோ அந்தப் பக்கமா புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"யாரு இழுக்கிறா?" என்றார் ஸைஃபுல்.

"எனக்கு மண்ணைப் பத்தி தெரியாது. ஜன்னல பத்தி மட்டும்தான் தெரியும். மண்ணு தெரிஞ்ச ஆள கூப்பிட்டு அந்த மூலைய பாக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் கட்டில முன்னால போட்டுக்கங்க லா."

அவர் போன பிறகு ஸைஃபுல் என்னிடம் கோபப்பட்டார். சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை, ஜன்னல் பார்க்கக் கூப்பிட்டால் மண்ணைப் பற்றிப் பேசுகிறார்களே என்றார். கட்டிலை நகர்த்தவும் இல்லை. ஆனால் மறுநாள் விடியற்காலையில் கடையில் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். தினமும் ரொட்டி சானாய் சாப்பிட வரும் மகேந்திரன் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மண் ஆய்வுப் பொறியாளர். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, வீடு எந்தத் தாமானில், எந்த மூலை என்று இரண்டு கேள்விதான் கேட்டாராம். பாதி ரொட்டியைத் தட்டில் விட்டுவிட்டு இவருடனேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்த வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் இருப்பதும் சுண்ணாம்புப் பாறைதான் என்று அவர் விளக்கினார். மேலே நிற்கும் மலையில் குகை இருப்பதுபோல் கீழேயும் குகை இருக்கும். மழைத் தண்ணீர் பாறையைக் கரைத்து வழி செய்துகொள்ளும், மேலே இருக்கிற மண் அந்த வழியாக ஒழுகிப் போகும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஈயலம்பம், ஈயச் சுரங்கம், இருந்தது, ஈயத்துக்காகத் தோண்டித் திரும்ப நிரப்பிய மண் அது. சொல்லிக்கொண்டே வெளியே போய்ப் பின்மூலையில் காலால் தட்டிப் பார்த்தார். அன்றே கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றினோம். வெள்ளிக்கிழமை வேலையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துத் துளையிடும் இயந்திரம் பின்மூலைக்கு வந்தது. கம்பி கெட்டி மண்ணுக்குள் முக்கி முனகி இறங்கியது. மூன்று மீட்டரைத் தாண்டியதும் திடீரென்று தானாகவே கீழே நழுவிப் போயிற்று. இயந்திரத்தைப் பிடித்திருந்த இரண்டு பேரும் பின்னால் குதித்தார்கள். மகேந்திரன் நாடாவின் முனையில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி அந்தத் துளையில் இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பத்து மீட்டர் என்றார். எங்கள் படுக்கையறைக்கு அடியில்.

நிரப்பும் வேலைக்கு ஆள் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. வியாழக்கிழமை மதியம், முன்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அரிசி மூட்டையைத் தரையில் இறக்கி வைப்பதுபோல் ஒரு சத்தம். அவ்வளவுதான். பின்கதவைத் திறந்தபோது துணி துவைக்கும் கல் இல்லை, வாழை மரம் இல்லை, வேலியில் பாதி இல்லை. ஒரு லோரியையே விழுங்கும் அளவுக்கு வட்டமான பள்ளம். பின்னறையின் மூலை பள்ளத்தின் விளிம்புக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஸைஃபுல் கட்டில் கிடந்த இடம்.

பயந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே வேறொன்று வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளத்திலிருந்து குளிர்ந்த காற்று மேலே வந்தது. எங்கோ அடியில் ஆறு ஓடுகிற சத்தம். நாங்கள் சமைத்து, சண்டை போட்டு, தூங்கி எழுந்த ஆறு வருடமும் அது அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எதிரே மழையில் நனைந்து நிற்கும் மலை, காலுக்குக் கீழேயும் நடந்து வந்திருக்கிறது. ஸைஃபுல் என் கையைப் பிடித்துக்கொண்டு "அல்லாஹ்" என்றார், மெதுவாக.

என் தம்பி வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். பள்ளத்தில் லோரி லோரியாகக் கல்லும் கான்கிரீட்டும் இறங்கின. ஒரு நாள் கிறிஸ்டின் அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பத்தடி தள்ளியே நின்றார். அவர் பெருமைப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"சொல்லாமலே போயிடலாம்னு இருந்தேன் ரஸ்னா" என்றார். "அந்த அரை மணி நேரமும் அதத்தான் யோசிச்சேன். பள்ளிக்கூடத்துல அஞ்சாம் பாரம் வரைக்கும் மட்டும்தான் படிச்சவ நான். தப்பா இருந்தா ஒரு குடும்பத்தையே சும்மா பயமுறுத்திட்டுப் போன மாதிரி ஆயிரும்ல. அந்தப் பதினொரு மில்லிதான் என்ன எழுந்து போக விடல."

பதினொரு மில்லி என்பது என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.

வீடு திரும்பிய பிறகும் ஜன்னலை உடனே மாற்ற அவர் விடவில்லை. ஒரு மழைக்காலம் முழுசாகக் கழியட்டும் என்றார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து குறுக்காக அளந்து, சட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டுப் போனார். ஸைஃபுல் மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினார். அந்த ஒரு வருடம் முழுக்க லோரிச் சத்தத்தைப் பற்றி ஒரு தடவையும் குறை சொல்லவில்லை. ஆறு தடவையும் ஒரே எண் வந்தது. வீடு அசையவில்லை. அதன் பிறகுதான் மூன்று ஜன்னலையும் மாற்றச் சொன்னார். சட்டங்களை நேராக்கிப் புதுக் கண்ணாடி போட்டோம். மற்ற பதினொன்றும் அப்படியே இருக்கின்றன.

கழற்றிய பெரிய கண்ணாடியை அக்கா எங்கள் வீட்டு முன்னால் காகிதத்தை விரித்து அதன்மேல் வைத்து அறுத்தார். உள்ளிருந்து கொட்டிய மணிகள் ஈரத்தில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. சுற்றிலும் பூசிய கறுப்புப் பசையை விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு மூலையில் விரலை நிறுத்தினார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். முதலில் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கண்ணை மூடித் தடவியபோதுதான் தெரிந்தது. ஒரு விரல் நீளத்துக்கு, தலைமுடி நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். ஈரம் உள்ளே நுழைந்த வழி அது. ஸைஃபுலும் குனிந்து தொட்டுப் பார்த்தார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னார்.

அக்கா காகிதத்தைச் சுருட்டிக் கட்டினார். சிலிம் ரிவர் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இந்தத் தடவை தே ஓவைச் சூடாகவே குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.