லாங்கன்தால் ஓடையில் மறுபடி இறக்கிய வேர்கள்

சுவிஸின் துன் நகரத்தில் நான் அறை துப்புரவாக்கும் ஹோட்டலைக் குளிர்காலத்துக்கு மூடப்போகிறார்கள். வீட்டில் சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால் 1988 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, குணா அண்ணை வேலை செய்யும் லாங்கன்தால் ஓடைக்குப் புறப்பட்டேன். அங்குள்ள ஃபோர்மனிடம் வேலை கேட்கவேண்டும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். வேலை கேட்க ஒரேயொரு ஜேர்மன் வசனத்தைப் பாடமாக்கியிருந்தேன்.

காலை ஏழு மணிக்கு ரயில். பேர்னில் மாறவேண்டும். எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம். அரைக்கட்டண அட்டை இருந்தால் நல்லது. வசனத்தை முணுமுணுக்க, பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததில் மூன்று இருக்கை மாறினேன். நிலையத்திலிருந்து ஓடைக்கு நாலு கிலோமீற்றர். பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பொறுமையில்லை, நடந்தேன்.

முன்பு கொங்கிரீற் போட்டு நேராக்கிய ஓடையை இப்போது திரும்ப வளைக்கிறார்கள். ஒரு கரையைத் தாழ்த்தி, வெள்ளம் புல்வெளியில் பரவ இடம் விடுகிறார்கள். ஒருகாலத்தில் ரைன் ஆற்றிலிருந்து சால்மன் மீன் இங்கே ஏறி வந்ததாம். இன்று அணைகள் மறிக்கின்றன. ட்ரௌட் மீனாவது முட்டையிட வரட்டும் என்று, அது வருமுன் தண்ணீருக்குள் செய்யும் வேலையை முடிக்க அவசரப்படுகிறார்கள்.

நான் போனபோது அண்ணையும் இரண்டு பெடியன்களும் முழங்காலளவு தண்ணீரில் ஒரு மரவேரோடு மல்லுக்கட்டினார்கள். ஃபோர்மன் கரையில் நின்றார்.

"என்னண்ணை நடந்தது?"

"நேற்று ஃபோர்மன் போனாப்பிறகு வேர், கட்டையெல்லாம் இழுத்து வெளியில போட்டிட்டு, கல்லையும் நிரவிவிட்டம். சந்தோசப்படுவார் எண்டு பாத்தம்."

"தோட்டத்து வாய்க்கால் எண்டு நினைச்சியளோ?"

"மீன் ஒளிக்கிறதுக்கு அவரே போட்ட வேராம். சிரியாதை, கயித்தைப் பிடி."

சப்பாத்தோடு இறங்கிப் பிடித்தேன். குளிர் எலும்பைக் குத்தியது. மத்தியானத்துக்குள் எல்லா வேர்களும் பழைய இடத்துக்குப் போயின.

ஃபோர்மன் என்னிடம் வந்து ஏதோ கேட்டார். அண்ணை தண்ணீருக்குள் நின்றே சொன்னார்: "நவம்பரில கரை முழுக்க மரக்கன்று நடவேணுமாம். உனக்கு இந்த வேலைக்கு அனுமதி கேட்டுப் பாக்கட்டோ எண்டு கேக்கிறார். வாயைத் திறந்து சொல்லன்."

'ஓம்' என்ற அர்த்தத்தில், நம்மவர் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். ஃபோர்மன் முகம் சுருங்க, தோளைக் குலுக்கிவிட்டு வண்டிக்கு நடந்தார்.

"விசரி, அவங்களுக்கு அது 'இல்லை'!" என்றார் அண்ணை.

ஈரச் சப்பாத்தோடு ஓடினேன். வண்டிக் கதவருகே, ரயிலில் பாடமாக்கிய வசனத்தை முழுதாகச் சொன்னேன். அவர் இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

அந்த ஓடைக்குப் போகிறவர்கள் முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போடுங்கள். நவம்பருக்குப் பின் கல்லுப் படுக்கையில் கால் வைக்காதீர்கள், முட்டை இருக்கும். 'ஓம்' என்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஃபோர்மன் கேட்ட அனுமதி எனக்கு இன்னும் வரவில்லை. சப்பாத்து மட்டும் வாங்கிக் கதவடியில் வைத்திருக்கிறேன்.