இன்ஹேலரை ஒளிக்காத வசந்தி மேடம்

கல்லூரிக்குக் கிளம்பும் நேரத்தில் அலுவலக உதவியாளர் சேகர் அழைத்தார். "மேடம், நம்ம வசந்தி மேடம் தவறிட்டாங்க. இன்ஹேலர் இழுத்து இழுத்துதான் நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு பேசிக்கிறாங்க."

அப்படிப் பேசுகிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். அவர் இறந்தது மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததால். விழுப்புரத்தில் பார்த்த மருத்துவர் அவருடைய கணவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இன்ஹேலர் அவரைக் கொல்லவில்லை. இத்தனை காலம் அவரைப் பாடம் நடத்த வைத்ததே அதுதான்.

திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் அவர் விலங்கியல், நான் வேதியியல். அவர் சேர்ந்த புதிதில் வகுப்பின் நடுவே மூச்சு இறுகியது. எல்லார் முன்பும் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். முதல்வர் கூப்பிட்டு, "பசங்க முன்னாடி வேணாமே, பயந்துடுவாங்க" என்றார்.

"நீங்க கண்ணாடி போட்டுக்கினுதானே சார் படிக்கிறீங்க. யாரு பயந்தாங்க?" என்று கேட்டார் வசந்தி.

இழுப்பு இல்லாத நாளிலும் அவர் மருந்து எடுப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். "மூச்சு சரியானாலும் மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கம் அடங்கலைங்க. இழுப்பு வந்து சில மணி நேரம் கழிச்சு, இயோசினோஃபில்னு ஒரு வகை வெள்ளை ரத்த செல்லுங்க கும்பலா வந்து அதைப் புண்ணாக்கும். அந்த வீக்கத்துக்குத்தான் தினமும்."

பிறகு அஞ்சலை விவகாரம் வந்தது. கிளியனூரிலிருந்து வந்து விடுதியில் சமைத்தவர் அஞ்சலை. இறால் உரிக்கும் நாட்களில் அவர் கைகள் தடித்துச் சிவக்கும். ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, காப்பாளர் அவரை வேலையை விட்டு நிற்கச் சொன்னார். வசந்தி நேரே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"இது ஒட்டுற நோய் இல்லைங்க" என்று காப்பாளரிடம் சொன்னார். "ஒடம்புல காவலுக்கு இருக்குற செல்லுங்க இறாலை எதிரின்னு தப்பா முடிவு பண்ணிடுச்சு. ஒரு செல்லு இன்னொண்ணுக்குச் சேதி அனுப்பி, இறாலுக்குன்னே ஐஜிஇன்னு ஒரு எதிர்பொருள் செய்ய வைக்குது. அது தோலுக்கடியில இருக்குற மாஸ்ட் செல் மேல குந்திக்கினு காத்துக்கினு இருக்கும். அடுத்த தடவை இறால் பட்டா, மாஸ்ட் செல் ஹிஸ்டமின்னு ஒரு ரசாயனத்தைக் கொட்டிடும். ரத்தக்குழாய் விரிஞ்சு, நீர் கசிஞ்சு, தடிச்சு அரிக்கும். இதுல உங்களுக்கு ஒட்டிக்க என்னா இருக்குது?"

"பொண்ணுங்க சாப்பிட மாட்டேன்றாங்களே மேடம்."

"நான் சாப்பிடுறேன். அஞ்சலை, போடுங்க."

அஞ்சலை கண்ணைத் துடைத்துவிட்டுப் பரிமாறினார். முதலில் வசந்தி சாப்பிட்டார், பக்கத்தில் நான். மெல்ல மாணவிகளும் தட்டை நீட்டினார்கள். இறால் உரிக்கும் வேலை வேறொருவருக்குப் போனது. அஞ்சலை இன்றும் அங்கேதான் சமைக்கிறார்.

கண்டமங்கலத்தில் வசந்தியின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய உடலருகே உறவினர் ஒருவர் ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தினார். மகள் நிலாவுக்கும் ஆஸ்துமா உண்டு. "அதை அணைச்சுடுங்க மாமா" என்றாள்.

"சம்பிரதாயம்மா. அம்மாவுக்குச் செய்ய வேணாமா?"

"அம்மாவை இனிமே புகை ஒண்ணும் பண்ணாது. என்னைப் பண்ணும். அவங்க இருந்தா அணைக்கத்தான் சொல்லுவாங்க."

பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நிலா நகரவில்லை. கடைசியில் அந்த மாமாவே ஊதுபத்திகளைத் தண்ணீரில் நனைத்து வெளியே எறிந்துவிட்டு வந்தார். புகை கலைந்தது. நிலா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நன்றாக மூச்சிழுத்து, வாய்விட்டு அழுதாள்.

போய் வாருங்கள், வசந்தி மேடம்.